பின்னறையில் மட்டும் ஜொலித்த விளக்குகள்

அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். அப்படிப்பட்டவருக்குச் 'சவுண்டு' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பெயர் மட்டும் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டது. மண்டப மேலாளர்கள், புகைப்படக்காரர்கள், நாற்காலி வாடகைக்கு விடுபவர்கள் என எல்லாருக்கும் அவர் சவுண்டுதான். செய்த தொழில் நடமாடும் டி.ஜே. ஒரு பழைய வேன், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஒரு மிக்ஸர், ஒரு மடிக்கணினி, ஒரு மடக்கு மேசை. இவற்றைக் கொண்டு திருமண வரவேற்பு, பிறந்தநாள், நிறுவனங்களின் ஆண்டு விழா என்று அழைத்த இடத்துக்கெல்லாம் போய்ப் பாட்டுப் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவிடுவார்.

பாட்டு விஷயத்தில் அவரை விரல் நீட்டிக் குறை சொன்னவர் கிடையாது. கூட்டம் களைத்து நாற்காலிகளைத் தேடும் நொடியை அவர் முன்கூட்டியே அறிந்துகொள்வார்; எந்தப் பாட்டைப் போட்டால் பெரியவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து வருவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அவரைக் கவிழ்த்தவை விளக்குகள்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு வாடிக்கையாளர்கள் ஒரு புதிய கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். "பாட்டு சரி, லைட்டு இருக்கா?" இல்லை என்றால் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். எனவே, சவுண்டு விளக்கு வாங்கத் தொடங்கினார். வாங்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

ஒவ்வொரு விளக்கையும் அவர் ஒரே முறையில்தான் சோதித்தார். வீட்டின் பின்னறை பத்துக்கு ஒன்பது அடி. அதற்கிருந்த ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டு, கதவைச் சாத்தி, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கத்தியால் பெட்டியின் நாடாவை மெல்லக் கிழிப்பார். தெர்மாக்கோல் துண்டுகளை உடையாமல் எடுத்து ஓரமாக அடுக்குவார். பிறகு விளக்கைச் சுவரோரம் வைத்து, அறையை இருட்டாக்கி, ஸ்விட்சைத் தட்டுவார். நான்கு சுவர்களிலும் கூரையிலும் அவர் சட்டையிலும் நிறங்கள் வழிந்தோடும். கையெட்டும் தொலைவில் சுவர் இருந்தால் எந்த விளக்கும் கோடி சூரியன்தான். மண்டபத்துக் கூரை இருபத்தைந்து அடி உயரம் என்பதும், அங்கே பத்து ஜன்னல்கள் உண்டு என்பதும், மேலாளர்கள் பாதிக் குழல்விளக்குகளை அணைக்கவே மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியாதவையல்ல. இருந்தும் அந்த ஒரு மணி நேரம் அவற்றை எண்ணிப் பார்க்க அவர் மனம் இடங்கொடுத்ததில்லை.

முதலில் வந்தது காளான் வடிவத்தில் ஒரு விளக்கு. பின்னறையில் அது தூவிய வண்ணப் புள்ளிகள் ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தன. மண்டபத்தில் வைத்தபோது அவை எங்கே போயின என்றே தெரியவில்லை. மணமகனின் தாய்மாமன் அதன் அருகே வந்து குனிந்து பார்த்து, "இது கொசு விரட்டறதா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிடலாமா என்று சவுண்டு ஒரு கணம் யோசித்தது உண்மை.

அடுத்து வந்தது ஓசைக்கேற்ப ஆடும் விளக்கு. உள்ளேயே சிறிய மைக் இருந்தது. எந்த ஓசை கேட்டாலும் மின்னும். அதை அவர் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்குக் கொண்டுபோனார். விழாவின் நடுவே, அந்த ஆண்டு மறைந்துபோன கிடங்குப் பொறுப்பாளர் ஒருவருக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று அறிவித்தார்கள். சவுண்டு பாட்டை நிறுத்தினார். விளக்கை நிறுத்த மறந்தார். அனைவரும் தலைகுனிந்து நின்றார்கள். யாரோ ஒருவர் இருமினார். அரங்கம் முழுவதும் சிவப்பு, பச்சை. இன்னொருவர் மூக்கை உறிஞ்சினார், ஊதா. முன்வரிசையில் இறந்தவரின் மனைவி நின்றிருந்தார். எல்லா நிறங்களும் அந்த அம்மாளின் வெள்ளைச் சேலைமீது விழுந்து ஓடின.

பணியாளர் அதிகாரி குனிந்தபடியே மேசைக்கு வந்தார். "சார், அந்த லைட்டைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

"அது இருமலுக்கு ஆடுது சார்," என்றார் சவுண்டு, வயர் எதுவென்று தடவியபடி.

"அப்ப எங்கள இருமாம இருக்கச் சொல்றீங்களா?"

வயர் கைக்குக் கிட்டியபோது அந்த ஒரு நிமிடம் முடிந்திருந்தது. அந்த நிறுவனத்திலிருந்து அவருக்கு மறுபடி அழைப்பு வரவில்லை.

பேட்டரியில் எட்டு மணி நேரம் எரியும் என்று எழுதியிருந்த தூண்விளக்குகள் இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் விருந்தாளிகளைப்போல. பச்சை லேசர் ஒன்று வந்து மூன்றாம் வாரமே கண்ணை மூடியது. ரிமோட் உள்ள விளக்கு ஒன்று, அவர் ரிமோட்டுக்கு அடங்காமல், அடுத்த மண்டபத்து டி.ஜே.யின் ரிமோட்டுக்கு அடங்கி நடந்தது. எதையும் அவர் எறியவில்லை. எல்லாம் பின்னறைக்கே திரும்பின.

கடைசியாக வந்தவைதான் அந்த நான்கு பீம் லைட்டுகள். தலையைத் திருப்பித் திருப்பி, வானத்தைக் கிழிப்பதுபோல் ஒளிக்கம்புகளை வீசும் வகை. விற்பனையாளரின் வீடியோவை அவர் நாற்பது முறையாவது பார்த்திருப்பார். பின்னறையில் தம்முடைய புகை மெஷினைப் போட்டு அவற்றை ஏற்றியபோது அவர் கண்களில் நீரே கோத்துக்கொண்டது. ஆனால், மண்டபங்களில் புகைக்கு அனுமதியில்லை. தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். புகை இல்லாவிட்டால் ஒளிக்கம்பு காற்றில் தெரியாது. கூரையில் நான்கு வெளிறிய வட்டங்கள் மட்டும் நகரும். முதல் நிகழ்ச்சியில் மணப்பெண்ணின் அண்ணன் வந்து, "லைட்டு எப்ப போடுவீங்க?" என்று கேட்டான். அப்போது நான்கும் முழு வீச்சில் எரிந்துகொண்டிருந்தன.

இவற்றையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும் சொன்னதில்லை.

மனைவி மூன்று ஆண்டுகளாக மகள் வீட்டில் இருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் போனார். பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. மூன்று மாதம் நீண்டது. இதில் யார்மீதும் குற்றம் இல்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானமாவது நடந்திருக்கும் என்று சவுண்டு சில நேரம் நினைத்ததுண்டு.

தினமும் மாலை ஆறு மணிக்கு மனைவி அழைப்பார்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"வேலையெல்லாம் வருதா?"

"வருது."

"புது லைட்டு எப்படி?"

"பிரமாதம்."

அதற்குச் சான்றாக, பின்னறையில் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பிவைப்பார். மனைவியிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வரும். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

மாதத்துக்கு நானூறு பேரையாவது ஆடவைப்பவரிடம் அந்த நானூறு பேரும் சொன்னதெல்லாம் "அடுத்து குத்துப்பாட்டு ஒண்ணு போடுங்க" என்பது மட்டுமே. பந்தியெல்லாம் முடிந்தபின், ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றபடியே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார். வீட்டில் பாட்டுப் போடுவதில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு நாற்காலியில் அவர்; மற்ற மூன்றிலும் சுருட்டிய வயர்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில், காலை எழுந்ததிலிருந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதை மாலை ஆறு மணிக்கு "ம்" என்று சொல்லும்போதுதான் உணர்வார்.

அந்த ஆண்டு மகள் கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறினாள். "அப்பா, உங்களுக்குன்னு இடம் இருக்கு, வந்துடுங்க," என்றாள். மருமகனும் நல்லவர்தான். "வாங்க மாமா. ஆனா அந்தப் பெட்டிங்கள மட்டும் ஏத்திக்கிட்டு வந்துடாதீங்க. வெச்சா நாங்க வெளிய படுக்கணும்," என்று சிரித்தார். மனைவி மட்டும், "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க," என்றார்.

அந்த வாக்கியம் சவுண்டைத் தைத்தது. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. போகவேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. தட்டுக்கு எதிரே இன்னொரு தட்டு இருக்கவேண்டும். "உப்பு கம்மி" என்று சொன்னால் கேட்க ஒரு காது வேண்டும். அதற்குமேல் அவருக்குப் பெரிய கனவுகள் இல்லை. ஆனால், வெறுங்கையோடு போய் நிற்க மனம் ஒப்பவில்லை. தொழிலில் தோற்றவன் கடைசியில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் என்று ஆகிவிடும். பீம் லைட்டுகளை நல்லபடியாக விற்றுவிட்டு, "எல்லாம் கைமாறிடுச்சு, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போவதே கௌரவம் என்று முடிவு செய்தார். விற்றால் போவது, விற்காவிட்டால் இருப்பது. தமக்குத் தாமே இப்படியொரு விதியை எழுதிக்கொண்டார்.

விற்பதற்கு வீடியோ வேண்டும். பின்னறைச் சுவர்களில் கறுப்புத்துணி கட்டினார், புகையைப் பரவவிட்டார், கைப்பேசியைத் தரையில் சாய்த்து வைத்தார். எடுத்து முடித்ததும் போட்டுப் பார்த்தார். பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். கறுப்புத்துணி, தாழ்ந்த கூரை, அடர்ந்த புகை. அவர் நாற்பது முறை பார்த்து ஏமாந்த அதே வீடியோ. அந்த விற்பனையாளனும் எங்கோ ஒரு பின்னறையில் இப்படித்தான் தரையில் உட்கார்ந்து எடுத்திருக்க வேண்டும். ஆனாலும், விளம்பரத்தைப் போட்டுவிட்டார்.

அழைப்புகள் வந்தன. ஒருவர் எடுத்தவுடன் "கடைசி விலை சொல்லுங்க" என்றார். முதல் விலை என்னவென்று அவர் கேட்கவேயில்லை. ஒருவருக்கு நான்கில் ஒன்று மட்டும் வேண்டும். இன்னொருவர் நெடுநேரம் விவரம் கேட்டுவிட்டு, "கோழிப்பண்ணைக்கு ஆகுமா?" என்றார். ஆகாது என்று சவுண்டு பொறுமையாக விளக்கினார். ஐந்தாவதாக அழைத்தவர் எதையும் கேட்கவில்லை. "நேர்ல வந்து பாத்துட்டே எடுத்துக்கறேண்ணே," என்றார்.

சொன்னபடியே ஒரு புதன்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு வந்து நின்றார். தோளில் காலியான பெரிய பை. விடியுமுன் கிளம்பி ஆறு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து, ஓய்வுபெற்றபின் டி.ஜே. தொழிலில் இறங்கியவர். சவுண்டைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்னை ஏன் அண்ணேங்கறீங்க?" என்று சவுண்டு கூச்சத்தோடு கேட்டார்.

"பஸ்ஸுல ஏறினவன் எல்லாரும் எனக்கு அண்ணந்தான். உள்ள போங்கண்ணே, படியில நிக்காதீங்கண்ணேன்னு சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே நின்னுடுச்சு. வீட்டுக்காரியையே ஒருநாள் அண்ணேன்னு கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

சவுண்டு ஒரு நாற்காலியிலிருந்த வயர்களை எடுத்துத் தரையில் வைத்தார். நடத்துநர் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்ததும் குடித்துவிட்டு, "இன்னொரு அரை டம்ளர் இருக்குமாண்ணே?" என்றார். தம் வீட்டில் ஒருவர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சவுண்டுக்கு நினைவில்லை. அரை டம்ளருக்கு மாறாக முழு டம்ளர் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்த மண்டபத்தில் மின்சாரம் அடிக்கடி போகும், எந்த வயதுக்காரர்கள் மைக்கைப் பிடுங்குவார்கள், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்கு ஸ்பீக்கரை எப்படிச் சுமப்பது என்று பேச்சு நீண்டது. சவுண்டு தம் குரலைத் தாமே கேட்டு வியந்தார்; அது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"சரி, சாமியக் காட்டுங்க," என்று நடத்துநர் எழுந்தார்.

பின்னறைக்குப் போனார்கள். புகை பரவியது. நான்கு தலைகளும் மெல்ல நிமிர்ந்தன. வெள்ளை, நீலம், பொன்னிறம் எனக் கம்புகள் எழுந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, விலகி, மறுபடி கூடின. நடத்துநர் ஓரடி முன்னால் வந்தார். கையை நீட்டி ஒரு கம்பினுள் விட்டார். ஒளி உள்ளங்கையில் நின்றது. கையை எடுத்தார். மறுபடி நீட்டினார். மழையைத் தொட்டுப் பார்ப்பவர்போல இருந்தது அவர் முகம்.

பத்து நிமிடம் கழித்து அவர் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை எங்க பணிமனையில ஒரு விழாண்ணே. டிக்கெட் கிழிச்சவனெல்லாம் டி.ஜே.வான்னு அத்தனை பேரும் பேசறாங்க. ஒர்க்‌ஷாப்காரன் ஒருத்தன், 'அண்ணே, உங்க பாட்டுக்கு விசில் இலவசமா'ன்னு கேக்கறான். இது நாலையும் கொண்டுபோய் ஏத்திட்டேன்னு வைங்க, ஒரு பய வாயத் திறக்க மாட்டான்." பையைத் தரையில் விரித்து ஜிப்பைத் திறந்தார். "எடுத்து வைங்க."

சவுண்டு ஒரு விளக்கின் வயரைச் சுருட்டத் தொடங்கினார். மாலை ஆறு மணிக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் மனத்துக்குள் தயாராக இருந்தது. எல்லாம் கைமாறிடுச்சு. நான்கு வயர்களைச் சுருட்டினால் போதும்.

"விழா எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"மூணு மணிக்கு."

"மத்தியானம் மூணா? ஹால் எப்படி?"

"ஹால்னு பேரு. பஸ் நிறுத்தற கொட்டகைண்ணே. மேல தகரம், மூணு பக்கமும் திறந்து கெடக்கும். காத்து அருமையா வரும்."

"புகை மெஷின் வெச்சிருக்கீங்களா?"

"அது எதுக்கு? பக்கத்துலயே டீசல் டேங்க். தீக்குச்சி கிழிச்சாலே சஸ்பெண்ட் பண்ணுவாங்க."

சவுண்டு சுருட்டிய வயரைக் கீழே வைத்தார். மறுபடி விளக்கைச் செருகினார். பிறகு கதவை அகலத் திறந்து, ஜன்னலின் கறுப்புத்துணியை இழுத்து அவிழ்த்தார். பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. புகை வாசல் வழியே வெளியேறியது. ஒளிக்கம்புகள் நுனியிலிருந்து கரைந்துகொண்டே வந்து, கடைசியில் இல்லாமலே போயின. கூரையில் நான்கு வட்டங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன.

"என்னண்ணே, லைட்டு அணைஞ்சுடுச்சா?"

"இல்ல. எரியுது. இவ்வளவுதான்."

"அப்ப இவ்வளவு நேரம் பாத்தது?"

"அது புகை."

நடத்துநர் கூரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், சவுண்டைப் பார்த்தார். "வீடியோவும் இங்கதான் எடுத்ததா?"

"ஆமா."

"நீங்களும் இப்படி ஒரு வீடியோவப் பாத்துத்தான் வாங்கினீங்க."

"ஆமா."

"அத அப்படியே என் தலையில கட்டப் பாத்தீங்க."

சவுண்டு மறுக்கவில்லை. "ஆமா," என்றார். அந்த மூன்றாவது ஆமா, அவருடைய பழைய குரலில், பாதிதான் கேட்டது.

நடத்துநர் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினார். காலிப் பையை மூடுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. "ஊருக்கு வண்டி எத்தனை மணிக்கு இருக்கும்?" என்றார்.

சவுண்டு அவரை வேனில் ஏற்றிப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு பேருந்து அப்போதுதான் போயிருந்தது, அடுத்தது ஐந்தரைக்கு. இருவரும் வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஒரு மணி நேரம் பேசித் தீர்க்க முடியாமல் இருந்தவர்களுக்கு, இப்போது நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பேச்சு இல்லை. பேருந்து வந்ததும் நடத்துநர் இறங்கி, கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்.

"உங்க மேல கோபம் இல்லண்ணே. கடைசியிலாவது சொன்னீங்க. ஆனா அந்தப் பத்து நிமிஷம் பாத்தேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. பாக்காமலே ஊர்ல இருந்திருக்கலாம்."

பேருந்தில் ஏறி, பழக்கதோஷத்தால் படியில் நின்றவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அவரும் உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு மனைவியின் அழைப்பு வந்தபோது சவுண்டு அதே இடத்தில்தான் இருந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

வழக்கமான விடை வராததால் மனைவி ஒரு நொடி தடுமாறினார். "லைட்டு பாக்க ஒருத்தர் வரார்னீங்களே. வந்தாரா?"

"வந்தாரு. வாங்கல."

"ஏன்? அவ்வளவு நல்ல லைட்டு."

"நல்ல லைட்டு இல்ல," என்றார் சவுண்டு. சொன்னபின் நிறுத்த முடியவில்லை. "அந்த வீடியோ எல்லாம் நம்ம பின்னறையில எடுத்தது. மண்டபத்துல ஒண்ணும் தெரியாது. இது மட்டும் இல்ல. காளான் வாங்கினதுல இருந்து ஒண்ணுகூட உருப்படி இல்ல. ஒரு துக்கத்துல போய் ஆடிச்சு. ஒண்ணு எவனோ சொன்னா கேக்குது, நான் சொன்னா கேக்கல. வேலையும் முன்ன மாதிரி வரதில்ல. மாசத்துக்கு ரெண்டு, மூணுதான்."

மறுமுனையில் குழந்தை எதையோ கரண்டியால் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"பத்து வருஷமாவா?" என்றார் மனைவி.

"ம்."

"நான் இங்க அத்தனை பேர்கிட்டயும் காட்டிக்கிட்டு இருக்கேன். எதிர்வீட்டம்மாகிட்டகூட. அவருக்கு அங்க தலைக்குமேல வேலை, எப்பவும் லைட்டும் கூட்டமுமா இருக்காரு, அதான் வர முடியலன்னு."

"யாரு வர முடியலன்னது?"

"வரேன்னும் சொல்லலையே."

"நீதானே தோணும்போது வாங்கன்ன."

"பின்ன எப்படிச் சொல்லணும்? அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவுல இருக்கற மனுஷனை, இந்த வீட்டுல வந்து எங்களோட உக்காருங்கன்னு எந்த வாயால கூப்பிடறது? வந்து ரெண்டு நாள்ல சலிச்சுப்போய்த் திரும்பிட்டா?" மனைவி கொஞ்சம் கோபமாகவே தொடர்ந்தார். "மூணு வருஷமா வீடியோ அனுப்பறீங்களே, ஒருநாளாவது அந்த லைட்ட உங்க மூஞ்சிப் பக்கம் திருப்பி எடுத்திருக்கீங்களா? ஆள் எளைச்சாரா, தடிச்சாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சவுண்டு வேன் கண்ணாடி வழியே பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எளைச்சிருக்கேன்," என்றார்.

"தெரியும்," என்றார் மனைவி. "வாங்க. பெட்டி வித்துச்சோ, விக்கலையோ."

சனிக்கிழமைக்கு ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று மீதமிருந்தது. விளக்கு இல்லை, பாட்டு மட்டும்தான் என்று சொல்லியே அதை முடித்துக்கொடுத்தார். திங்கட்கிழமை பழைய பொருள் வாங்குபவர் வந்தார். காளானைத் தட்டிப் பார்த்து, பீம் லைட்டைத் தூக்கிப் பார்த்து, "உள்ள செம்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சவுண்டு தெரியாது என்றார். எல்லாவற்றையும் இரண்டு நடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். காலியான அறையைப் பெருக்கும்போது அது எவ்வளவு சிறியது என்று அவருக்குத் தோன்றியது. பத்துக்கு ஒன்பதுகூட இருக்காது போலிருந்தது.

ஸ்பீக்கர்களையும் மிக்ஸரையும் மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு மறுநாள் புறப்பட்டார். மகள் இருந்த தெருவை அடைந்தபோது நடுப்பகல். மனைவி கீழே இறங்கி வந்து வாசலில் நின்றிருந்தார். மூன்று ஆண்டுகள் கைப்பேசியிலேயே பேசிப் பழகிவிட்டதால், நேரில் முதலில் என்ன சொல்வது என்று இருவருக்குமே பிடிபடவில்லை. சவுண்டு வேன் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டினார். மனைவி அவர் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இங்க நிறுத்தாதீங்க. தண்ணி லாரி வரும். சந்துக்குள்ள பின்னால எடுங்க," என்றார்.

சந்து குறுகலாக இருந்தது. வேனில் பின்னால் பார்க்கும் கண்ணாடி உடைந்து வெகுநாளாயிற்று. இத்தனை காலமும் அவர் இறங்கி இறங்கிப் பார்த்தே பின்னால் எடுத்து வந்தவர். இப்போது கியரை மாற்றிவிட்டு வழக்கம்போல இறங்கக் கதவைத் திறந்தார்.

"நீங்க ஏன் இறங்கறீங்க? நான் பாத்துக்கறேன்," என்று மனைவி வேனுக்குப் பின்னால் போய் நின்றார். "கொஞ்சம் எடது பக்கம் ஒடிங்க. இன்னும். செவுத்துல இடிக்கல, பயப்படாதீங்க. ம், அப்படியே நேரா."

குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, சவுண்டு மெல்ல வண்டியைப் பின்னால் விட்டார்.